செம்மறியாடு யாருடைய பட்டியலில்?

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் பொறுமையாகப் படித்தால் செம்மறியாடு மாநிலத்துக்குச் சொந்தம் என்று தெரியவரும். மாநிலப் பட்டியலின் 14ஆவது இனம் வேளாண்மை. வேளாண் கல்வியும் ஆராய்ச்சியும் அதிலேயே அடக்கம். 15ஆவது இனம் கால்நடைகளைக் காப்பது, மேம்படுத்துவது, அவற்றுக்கு வரும் நோய்களைத் தடுப்பது. ஓர் ஆட்டுக்கு வேண்டிய எல்லாமே இந்த இரண்டு வரிகளுக்குள் வந்துவிடுகிறது. ஆனால் கொடைக்கானலிலிருந்து மேற்கே, பூம்பாறையையும் தாண்டி மேல்மலையில் மன்னவனூருக்குப் போனால், அங்கே மேட்டுப் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருப்பவை டெல்லியின் ஆடுகள்.

ஊர்க்காரர்களுக்கு அது ஆட்டுப்பண்ணை, அவ்வளவுதான். காகிதத்தில், மத்தியச் செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல ஆராய்ச்சி மையம். தாய் நிறுவனம் ராஜஸ்தானின் டோங்க் மாவட்டத்தில், அவிகாநகரில் இருக்கிறது. அது தொடங்கியது 1962இல். மன்னவனூர்க் கிளை 1965இல். இரண்டுக்கும் மேலே இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம். 1929இல் வெள்ளைக்காரன் காலத்திலேயே பதிவான அந்தக் கழகத்துக்கு அரசமைப்புச் சட்டத்தைவிட வயது அதிகம். ஒன்றியப் பட்டியலின் 65ஆவது இனம், சிறப்பு ஆய்வுகளை வளர்ப்பதற்கென ஒன்றிய அரசு தன் சொந்த நிறுவனங்களை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆடு மாநிலத்தின் பொருள். ஆட்டைப் பற்றிய ஆய்வு இரண்டு பேரும் செய்யலாம். சட்டத்தில் இப்படி ஒரு கதவு திறந்திருப்பதால்தான் பாரத் மெரினோ என்ற ஆட்டினம் பழனிமலை ஏறியது.

ஒன்றிய அரசின் நிறுவனம் ஒன்று நம் ஊரில் இருப்பதால் என்ன பயன் என்ற கேள்வியைத் தமிழ்நாட்டில் கேட்பது சுலபம், நிதானமாகப் பதில் சொல்வது கஷ்டம். அதிகாரங்கள் டெல்லியில் குவிவதை எதிர்த்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசிவரும் மாநிலம் இது. ஒன்றிய-மாநில உறவுகளை ஆராயத் தமிழ்நாடு அரசு 1969இல் அமைத்த ராஜமன்னார் குழுவின் 1971 அறிக்கை இன்றும் நம் அரசியலின் அடிப்படை ஆவணங்களில் ஒன்று. அந்தப் பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது. நானும் அதே கட்சிதான். ஆனால் அதிகாரத்தோடு நமக்குள்ள வழக்கையும், ஒரு பண்ணை, ஒரு வானாய்வுக் கூடம், ஒரு தடுப்பூசிக் கூடம் ஆகியவற்றின் மதிப்பையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். மன்னவனூரை முன்வைத்து அந்தக் கணக்கைப் பிரித்து எழுதிப் பார்க்கலாம்.

முதலில் பண்ணை எதற்காக வந்தது என்பது. தமிழ்நாட்டின் செம்மறி இனங்களில் பெரும்பாலானவை கறிக்கானவை. மேச்சேரி, கீழக்கரிசல், வேம்பூர், சென்னைச் சிவப்பு, ராமநாதபுரம் வெள்ளை எல்லாமே முடி ஆடுகள். உடலோடு ஒட்டிய குட்டை மயிர். கம்பளிக்கு ஆகும் உரோமம் கோயம்புத்தூர் ஆட்டிலும் திருச்சிக் கறுப்பிலும் கிடைக்கும். அதுவும் முரட்டு ரகம். மெல்லிய உரோமம் வேண்டுமென்றால் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் இறக்குமதிதான். அந்நியச் செலாவணிக்குத் திண்டாடிய அறுபதுகளில், மெல்லிய உரோமத்தை இங்கேயே விளைவிக்க முடியாதா என்று திட்டம் போட்டவர்கள் நினைத்தார்கள். சோக்லா, மால்புரா, நாலி ஆகிய ராஜஸ்தான் ஆடுகளோடு ரம்பூயே, சோவியத் மெரினோ கிடாக்களைக் கலந்து பாரத் மெரினோவை உருவாக்கினார்கள். முக்கால் பங்கு வெளிநாட்டு ரத்தம், கால் பங்கு உள்நாட்டு ரத்தம். அந்தக் கலப்புக்குக் குளிர்ந்த இடம் பொருந்தும். மன்னவனூருக்கு வெயில் ஒரு விருந்தாளி மாதிரி.

பாரத் மெரினோவைத் தூரத்திலிருந்து பார்த்தால் அழுக்காகத்தான் இருக்கும். மழையும் மண்ணும் புல் விதையும் ஒட்டிப் பழுப்பேறிய மேல்தோற்றம். தோள்பட்டைக்குப் பின்னால் இரண்டு கையாலும் மயிரைப் பிளந்து பார்த்தால் உள்ளே வேறு உலகம். பாலாடை நிறத்தில், நெளிநெளியாக, ஒன்றோடொன்று ஒட்டி அடர்ந்த இழைகள். அடியில் ரோஜா நிறத் தோல். விரலை எடுத்தால் பிசுபிசுவென்று ஒரு கொழுப்பு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கொழுப்பைத்தான் பிரித்தெடுத்து முகப்பூச்சிலும் களிம்பிலும் சேர்க்கிறார்கள். ஓர் இழையின் தடிமன் சுமார் 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத இந்த வித்தியாசத்தைத் தலைமுறை தலைமுறையாக அளந்து, எந்தக் கிடாவை எந்தப் பெட்டையோடு சேர்ப்பது என்று முடிவு செய்வதுதான் பண்ணையின் வேலை. குட்டி விழுந்ததும் எடை. பால்குடி மறக்கும்போது எடை. ஆறாம் மாதத்தில் எடை. கத்தரித்த மயிரின் எடை. தாய் எண், தகப்பன் எண். காதில் குத்திய வில்லைக்கும் பதிவேட்டின் வரிக்கும் இடையில் நடக்கிற இந்த வேலையில் பார்க்க ஒன்றுமே இருக்காது. ஏரியையும் புல்வெளியையும் பார்க்க வருகிறவர்கள் ஆட்டோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். பதிவேட்டை யாரும் படம் எடுப்பதில்லை.

சரி, எதற்காக வந்ததோ அது நடந்ததா? நேர்மையாகச் சொன்னால், பெரிய அளவில் நடக்கவில்லை. மெல்லிய உரோமத்தை இந்தியா இன்னமும் இறக்குமதி செய்துகொண்டுதான் இருக்கிறது. செயற்கை இழை வந்து கம்பளியின் இடத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டது. முரட்டு உரோமத்துக்குப் பல இடங்களில் கத்தரிக்கிற கூலிகூடத் தேறுவதில்லை. ஆடு வளர்க்கிறவர் கணக்கில் இன்று கறிதான் வரவு. பண்ணையும் அதற்கேற்பத் தன் வேலையை நகர்த்திக்கொண்டது. உரோமக் கிடாவோடு கறி முயலும் வந்தது. ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா முயல்களை வாங்கவும் வளர்ப்பைக் கற்றுக்கொள்ளவும் கீழ்நாட்டிலிருந்து ஆட்கள் மலையேறுகிறார்கள்.

தொடங்கிய காரணம் பொய்த்துப்போன பின்னும் ஒரு நிறுவனம் இருக்கலாமா? தணிக்கைக் கண்ணோடு பார்க்கிறவர் முதலில் கேட்கும் கேள்வி இது. அதே மலையில், மன்னவனூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகப் பயணம் செய்தால், இதற்குப் பதில் சொல்லும் இன்னொரு நிறுவனம் இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற பஞ்சத்தை நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். மழை ஏன் பொய்க்கிறது, அதை முன்கூட்டியே அறிய முடியுமா என்ற கேள்வி அதற்குப் பிறகு அரசாங்கத்தைத் துரத்தியது. சூரியனின் கரும்புள்ளிகள் கூடுவதற்கும் குறைவதற்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அந்தக் காலத்து அறிஞர்கள் சிலர் உறுதியாக நம்பினார்கள். சென்னை வானாய்வாளர் போக்சன் 1882இலேயே தென்னிந்திய மலை ஒன்றில் பெரிய தொலைநோக்கி வேண்டும் என்று கேட்டார். இயற்பியலாளர் மிச்சி ஸ்மித் பழனிமலையையும் நீலகிரியையும் அலசிக் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1899இல் கூடம் எழுந்தது, 1901இல் பார்வை தொடங்கியது. கரும்புள்ளியை எண்ணி மழையைச் சொல்லும் கனவு பலிக்கவில்லை. தாது வருஷம் கேட்ட கேள்விக்குச் சூரியன் பதில் சொல்லவில்லை.

ஆனால் கூடத்தை யாரும் மூடவில்லை. 1904 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வைத்தார்கள். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் கரும்புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். இன்றும் அது உலகப் பாடப்புத்தகங்களில் அவர் பெயரில்தான் இருக்கிறது. வானிலைத் துறையிடமிருந்து பிரிந்து 1971இல் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கைக்குக் கூடம் வந்தது. இரண்டு உலகப் போர், ஒரு சுதந்திரம், எத்தனையோ ஆட்சி மாற்றம் கடந்தும் படம் எடுப்பது நிற்கவில்லை. நூறாண்டுக்கும் மேற்பட்ட இந்தத் தொடர்ச்சிக்கு உலகத்தில் ஈடு மிகக் குறைவு. சூரியன் பதினோரு ஆண்டுக்கு ஒரு சுற்று என்று நடக்கிறது. ஒரு மனிதர் தன் உத்தியோக வாழ்க்கையில் மூன்று சுற்றைப் பார்த்தால் அதிகம். பத்துச் சுற்றைப் பார்க்க ஒரு நிறுவனத்தால்தான் முடியும். 2023 செப்டம்பரில் புறப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலத்தின் முக்கியக் கருவியைச் செய்தது இந்தக் கூடத்தைத் தன்னிடம் வைத்திருக்கும் அதே நிறுவனம்தான்.

எனக்கு இதிலிருந்து கிடைப்பது இதுதான். பொது நிறுவனம் ஒன்றின் மதிப்பு, அதைத் தொடங்கியவர் சொன்ன காரணத்தில் இல்லை. யாருக்கும் உடனடி லாபமில்லாத ஒரு வேலையை, விட்டுப்போகாமல், ஆள் மாறினாலும் அளவு மாறாமல், அடுத்த தலைமுறை படிக்கும்படி எழுதிவைப்பதில் இருக்கிறது. தப்பான கேள்வியோடு தொடங்கிய கூடம் சரியான பழக்கத்தால் பிழைத்தது. மன்னவனூர் ஆட்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். உரோமச் சந்தை நாளைக்குத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். அறுபது ஆண்டாகக் கணக்கு வைத்து வளர்த்த ஒரு மந்தையைக் கலைத்துவிட்டால், மறுபடி வேண்டும் என்று நினைக்கும்போது இன்னொரு அறுபது ஆண்டு வேண்டும்.

இந்தப் பொறுமையைச் சந்தையிடம் எதிர்பார்க்க முடியாது. 2012இல் பெருந்துறையைச் சுற்றி ஈமு கோழிப் பண்ணைகள் சரிந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். குஞ்சையும் தீவனத்தையும் நாங்களே தருகிறோம், பறவையையும் நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று விளம்பரம். ஊர் ஊராக முதலீடு குவிந்தது. அந்தப் பறவையின் கறிக்கு இங்கே சந்தை இருக்கிறதா என்று மட்டும் யாரும் அளந்து பார்க்கவில்லை. நிறுவனங்கள் மூடின, கேட்பாரில்லாமல் பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கம் தீவனம் போட வேண்டியதாயிற்று. ஒரு புது விலங்கை விவசாயியின் கொட்டகைக்குள் விடும் முன், அது இந்த மண்ணில் எத்தனை குட்டி போடும், எத்தனை சாகும், கிலோவுக்கு எவ்வளவு தீவனம் தின்னும் என்று விற்பனை நோக்கமில்லாத ஓர் ஆள் எண்ணிச் சொல்ல வேண்டும். மன்னவனூர் முயல் கூண்டுகளில் நடப்பது அந்த எண்ணிக்கைதான்.

மாநிலம் இதைச் செய்யாதா என்றால், செய்கிறது, நன்றாகவே செய்கிறது. நீலகிரியின் சாண்டிநல்லாவில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் நீலகிரி செம்மறி இனத்தைக் காத்துவருகிறது. ஒன்றியமா மாநிலமா என்ற போட்டியில் உண்மை பெரும்பாலும் இரண்டும் என்ற இடத்தில்தான் இருக்கிறது. ஆட்டுக்கொல்லி நோயின் கதை இதற்கு நல்ல சாட்சி. இந்தியாவில் அந்த நோயை முதன்முதலாக அடையாளம் கண்டது 1987இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் அரசூரில். அரசூரில் பிரித்தெடுத்த கிருமியை வைத்தே நம் மாநிலப் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசி செய்தது. இமாசலத்தின் சுங்ரியில் கிடைத்த கிருமியை வைத்து, இமயமலை முக்தேஸ்வரில் ஒன்றிய அரசின் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இன்னொன்று செய்தது. ராமநாதபுரத்துக் கீதாரி மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சைக்குக் கிடை போடப் போகிறார். ஆந்திரத்து ஆடு லாரி ஏறி நம் சந்தைக்கு வருகிறது. கிருமிக்குச் சோதனைச் சாவடி கிடையாது. அரசமைப்பை எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொற்று பரவுவதைத் தடுப்பதை மட்டும் பொதுப் பட்டியலின் 29ஆவது இனத்தில் வைத்தார்கள்.

மாட்டைக் கூட்டம் கூட்டமாக அள்ளிக்கொண்டுபோன வெக்கை நோயை இன்று நாற்பது வயதுக்காரர்களுக்கே தெரியாது. 1954இல் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. இந்தியாவில் கடைசியாக அந்த நோய் வந்தது 1995இல். 2006இல் நாடும், 2011இல் உலகமும் அதிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதர் பூமியிலிருந்தே அகற்றிய ஒரே நோய் அது. நாற்பது ஆண்டு ஊசி போட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசி ஆண்டுகளில், அருகிவிட்ட நோய்க்கு எதற்குச் செலவு என்று எவரும் கேட்டிருக்கலாம். கேட்டு நிறுத்தியிருந்தால் வெக்கை திரும்பியிருக்கும். பொது வேலை சரியாக நடந்தால் நடந்ததே தெரியாமல் போய்விடுகிறது. நன்றி சொல்ல ஆளில்லாத இடம் என்பதால், வெட்டுவதற்கும் அதுவே வசதியான இடம்.

இவ்வளவு சொன்ன பின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பொறுமை நல்ல குணம், ஆனால் தப்பையும் பொறுமையாகச் செய்யலாம். பழனிமலையின் மேட்டு நிலம் சோலையும் புல்லும் சேர்ந்தது. மடிப்புகளில் சோலைக்காடு, முதுகில் புல்வெளி. அந்தப் புல்லைத் தரிசு என்று படித்த அரசு வனவியல் அதன்மேல் சீகை மரத்தையும் யூகலிப்டஸையும் பைனையும் நட்டது. தோல் பதனிடப் பட்டை வேண்டும், காகிதத்துக்குக் கூழ் வேண்டும். நட்டது மாநில வனத்துறை. அந்தக் காலத்து ஒன்றியக் கொள்கையும் செயற்கைக் காடுகளையே வளர்ச்சி என்று சொன்னது. சீகை யார் தயவும் இல்லாமல் தானே பரவியது. நாற்பது ஆண்டில் பழனிமலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்துவைத்து ஓடைக்கு விட்ட புல் அது.

அந்தக் கணக்கு எப்படிக் கிடைத்தது என்பதில்தான் இன்னொரு செய்தி இருக்கிறது. எழுபதுகளில் மன்னவனூருக்கு மேலே இருந்த புல்வெளியின் படம் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் களஞ்சியத்தில் இருக்கிறது. 1972 முதல் அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் விண்வெளி நிறுவனமும் புவியியல் ஆய்வு நிறுவனமும் உலகம் முழுவதையும் அலுக்காமல் படம் எடுத்துவருகின்றன. ஒரு காலத்தில் ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர் விலை. 2008இல் அந்தக் களஞ்சியத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். அன்று படம் எடுத்தவர்கள் கவுஞ்சி, கூக்கால் என்ற மேல்மலை ஊர்களைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இருந்தும், நம் அரசு நிலத்தில் நடந்த தவற்றை நமக்குக் காட்டிக்கொடுத்தது இன்னொரு நாட்டு அரசின் திறந்த பதிவேடு. அதே அமெரிக்காவில் 2025 பிப்ரவரியில் கடலையும் வானிலையையும் கவனிக்கும் நிறுவனத்திலிருந்து நூற்றுக்கணக்கானவர்களைச் சிக்கனம் என்ற பெயரில் வெளியேற்றினார்கள். ஆளை மறுபடி எடுத்துவிடலாம். அளக்காமல் விட்ட நாளை எடுக்க முடியாது.

ஆக, ஒரு நிறுவனத்தின் பெயர்ப்பலகையில் எந்த அரசு இருக்கிறது என்பதை இரண்டாவதாகத்தான் கேட்பேன். முதலாவதாக மூன்று கேள்வி. தொடர்ந்து அளக்கிறதா? அளந்ததைத் திறந்து வைக்கிறதா? பக்கத்து ஊர்க்காரருக்குப் புரியும்படி சொல்கிறதா? கொடைக்கானல் சூரியக்கூடம் தன் பழைய படத் தட்டுகளை எண்ணிமமாக்கி உலகத்துக்குத் திறந்தது. அது இரண்டாவது கேள்வியையும் தாண்டிவிட்டது. மூன்றாவதில்தான் ஒன்றிய நிறுவனங்கள் பெரும்பாலும் நம் மண்ணில் தடுமாறுகின்றன. 1976இல் வந்த ஒன்றிய ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்று முதல் விதியிலேயே எழுதியிருக்கிறது. நம் போராட்டம் வாங்கித்தந்த விலக்கு அது. இந்தியைத் தள்ளிவைக்க அந்த வரி உதவியது. அந்த இடத்தில் தமிழ் தானாக வந்து உட்காரவில்லை, ஆங்கிலம் உட்கார்ந்துகொண்டது. மலைப்பூண்டு பயிரிடுகிறவருக்கும், கிழங்கு போடுகிறவருக்கும், நாலு ஆடு வைத்திருக்கும் அம்மாவுக்கும் அதனால் பெரிய வித்தியாசம் இல்லை.

கேட்பதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம், நான்காவது பிரிவில், ஒவ்வொரு பொது அமைப்பும் தன் செய்திகளை யாரும் மனுப் போடாமலே தானாக வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிடும்போது அந்த வட்டாரத்து மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மாநில உரிமை பேசும் நாம் இதுவரை ஒன்றிய நிறுவனங்களிடம் கேட்டது பெரும்பாலும் வேலையில் இடஒதுக்கீடும் பலகையில் தமிழும். இரண்டும் வேண்டும்தான். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக் கேட்போம். மன்னவனூரில் 1965இலிருந்து எந்த ஆடு எப்படி வளர்ந்தது, எந்தப் புல் தாங்கியது, எந்த நோய் எந்த மாதத்தில் வந்தது என்ற கணக்கு முழுவதும் தமிழில், மேல்மலையின் ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் படிக்கக் கிடைக்க வேண்டும். அந்தப் பண்ணையை மூடச் சொல்லி நாளைக்கு ஒரு கோப்பு கிளம்பினால், அதை எதிர்த்து முதலில் பேசப்போவது அந்தக் கணக்கைப் படித்திருக்கும் மன்னவனூர்க்காரர்தான்.